மோட்டார்சைக்கிளில் ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: இரட்டை சிலிண்டர் வண்டி. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஒரு சிலிண்டர் சரியாக எரிவதில்லை. காலையில் கிளம்பும்போது வண்டி உதறுகிறது, இழுவை இல்லை, வெயில் ஏறியதும் ஓரளவு சரியாகிவிடுகிறது. புதிய ஸ்பார்க் பிளக் போட்டும் இரண்டே நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

மாற்றாதீர்கள். இப்போதைக்கு எந்தப் பொருளையும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தபோது நான்கு வருடங்களுக்கு முந்தைய என் நவம்பர் மாதம் அப்படியே கண்முன் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் திருவான்மியூரில், கடலிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிறேன். என்னுடையதும் இரட்டை சிலிண்டர் வண்டிதான். நான்கு ஸ்ட்ரோக், பக்கத்துக்கு ஒரு கார்புரேட்டர், பக்கத்துக்கு ஒரு காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கம்பிச்சுருள்). ஒரு மழை நாளில் மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது முட்டுக்காடு பாலத்தருகே இழுவை பாதியாகக் குறைந்தது. இரண்டு சிலிண்டரும் சேர்ந்து தரும் சீரான ஓசை போய், ஒற்றைக்கால் நொண்டி போல 'டப், டப்' என்று வீடுவரை வந்தது. மறுநாள் ஒரு பட்டறையில் விட்டேன். இடது பக்கப் பிளக்கைக் கழற்றினார்கள். கன்னங்கரேலென்று பெட்ரோலில் நனைந்திருந்தது. "பெட்ரோல் அதிகமாகப் போகிறது, கார்புரேட்டர்தான்" என்றார்கள். பிளக், ஜெட் கிட், மிதவை ஊசி எல்லாம் மாற்றினார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் காலைப் பனியில் மறுபடியும் அதே நொண்டல். வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கே கார்புரேட்டரை மீண்டும் கழற்றினார்கள். எல்லாமாகப் பதினோராயிரம் ரூபாய் செலவானது. குறை அப்படியே இருந்தது.

அந்த நனைந்த பிளக்கைத்தான் எல்லோரும் தவறாகப் படித்தோம். பெட்ரோல் மிகுந்தாலும் பிளக் நனையும். பிளக்கில் பொறி (ஸ்பார்க்) விழாவிட்டாலும் நனையும். எரியாத பெட்ரோல் வேறு எங்கே போகும்? பிளக்கின் முனையிலேதான் படியும். அதாவது 'இந்த சிலிண்டரில் எரிதல் நடக்கவில்லை' என்பதை மட்டுமே அந்த ஈரம் சொல்லும், ஏன் நடக்கவில்லை என்பதைச் சொல்லாது. காய்ந்த கரி போல் கறுப்பாக இருந்தால் கலவையில் பெட்ரோல் கூடுதல் என்று சந்தேகிக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக இருந்தால் ரிங் அல்லது வால்வு வழியாக ஆயில் இறங்குகிறது. சாம்பல் பூத்தது போல் வெளுத்திருந்தால் காற்று கூடுதல். இளம்பழுப்பு நிறம் நல்லது. பெட்ரோல் வாசனையோடு ஈரமாக இருந்தால் மட்டும் எந்த முடிவுக்கும் வந்துவிடாமல் பொறியையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

புதிய பிளக் ஏன் இரண்டு நாள் குணப்படுத்தியது என்பதும் பிறகுதான் புரிந்தது. புதிய பிளக்கின் முனை கூர்மையானது. பொறி தாவக் குறைந்த மின்னழுத்தமே போதும். எனவே பலவீனமான மின்சாரம்கூடச் சில நாள் சமாளித்துவிடுகிறது. அதோடு, பிளக்கை மாற்றும்போது, காயிலிலிருந்து வரும் வயரின் நுனியிலுள்ள தொப்பியைக் கழற்றி மாட்டுகிறோம் அல்லவா? அந்த உரசலிலேயே துருப்பிடித்த தொடர்பு கொஞ்சம் சுத்தமாகிவிடும். குணமானது புதிய பொருளால் என்று நம்பிவிடுகிறோம். உங்களுக்கும் அதே இரண்டு நாள் கணக்கு வந்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எனக்கு வழி காட்டியவர் கீழ்வீட்டுப் பெரியவர். அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். நான் மறுபடியும் ஸ்பேனரோடு உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, கழற்றாதே. எந்தச் சிலிண்டர் சமைக்கவில்லை என்று முதலில் பார்" என்றார். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருந்த நேரம். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விடச் சொன்னார். ஒரு குவளைத் தண்ணீரில் விரலை நனைத்து, சிலிண்டரிலிருந்து இறங்கும் இரண்டு பெண்ட் பைப்புகளிலும் தெளித்தார். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்போமே, அதே முறை. வலது பக்கம் சொய்யென்று ஆவியானது. இடது பக்கம் துளி அப்படியே வழிந்து தரையில் சொட்டியது. இடது சிலிண்டர் எரியவில்லை. இரண்டு பட்டறைகளும் செய்யாத சோதனை, ஒரு நிமிடத்தில் முடிந்தது. நீங்களும் இதிலிருந்து தொடங்குங்கள். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். எரியும் சிலிண்டரின் பைப் ஒரு நிமிடத்திலேயே தோலைப் பொசுக்கிவிடும்.

இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு பிளக் தொப்பியாகப் பிடுங்கிப் பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். அதைச் செய்யாதீர்கள். பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் போக வழியில்லாமல் காயிலுக்குள்ளேயே தாவும், சில நேரம் உங்கள் கை வழியாகவும் தாவும். புதிய வண்டிகளின் மின்னணுப் பாகங்களை அது கெடுத்தும் விடும்.

அடுத்து இடமாற்றச் சோதனை. இரட்டை சிலிண்டர் வண்டி வைத்திருப்பவருக்கு இது ஒரு வரம். பக்கத்திலேயே நன்றாக ஓடும் இன்னொரு சிலிண்டர் இருக்கிறதே, அதைவிட நல்ல அளவுகோல் எங்கே கிடைக்கும்? இடது பிளக்கை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போடுங்கள். மறுபடியும் ஆறவிட்டுத் தண்ணீர் தெளியுங்கள். நொண்டல் வலது பக்கம் போய்விட்டால் குறை பிளக்கில்தான். இடதிலேயே நின்றால் பிளக் குற்றமற்றது. அடுத்ததாகத் தொப்பிகளை மாற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் வயரின் நுனியில் அவை திருகிக் கழலும். பிறகு காயில்களை மாற்றுங்கள், ஆனால் காயிலுக்கு வரும் மெல்லிய வயர்களை அந்தந்தச் சிலிண்டருக்கு உரிய இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஒரு முறைக்கு ஒரு பொருள் மட்டும். இரண்டைச் சேர்த்து மாற்றிவிட்டால் குணம் தெரிந்தாலும் காரணம் தெரியாது. சில வண்டிகளில் ஒரே காயிலிலிருந்து இரண்டு பிளக்குக்கும் வயர் போகும். அவற்றில் ஒரு பக்கம் மட்டும் நொண்டினால் காயிலைவிட வயரையும் தொப்பியையுமே முதலில் பார்க்க வேண்டும்.

என் வண்டியில் பிளக்கை மாற்றியபோது குறை நகரவில்லை. தொப்பியை மாற்றியதும் வலது பக்கம் போய்விட்டது. அந்த நொடி இருந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை. தொப்பியைக் கையில் வைத்துப் பார்த்தேன். ரப்பர் விளிம்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. உள்ளே பித்தளைத் தொடர்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. அதற்குள் இருக்கும் மின்தடை 5,000 ஓம் காட்ட வேண்டும். வலது தொப்பியில் மல்டிமீட்டர் அப்படித்தான் காட்டியது. இதில் முள் அசையவே இல்லை. வெயில் நேரத்தில் பொறி அந்த உடைப்பைத் தாண்டிக் குதித்து எப்படியோ பிளக்கைச் சேர்ந்திருக்கிறது. ஈரம் சேர்ந்த காலைகளிலோ, வெடிப்பின் வழியாகச் சிலிண்டரின் மேல்பாகத்துக்கே கசிந்துவிட்டது. நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் நான்கு ஸ்ட்ரோக் சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 25 பொறி தேவை. அதில் பாதி வழிதவறினால் வண்டி எப்படி இழுக்கும்? புதிய தொப்பி இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. வயரின் நுனியிலும் களிம்பு ஏறியிருந்ததால் அரை அங்குலம் வெட்டிவிட்டு, பளபளக்கும் செம்பு தெரிந்த பிறகு தொப்பியைத் திருகினேன்.

கடற்கரை ஓரத்தில் இருப்பவர்கள் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உப்புக்காற்று மின் இணைப்புகளைச் சத்தமில்லாமல் அரித்துவிடுகிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, வயரின் மேலும் தொப்பியின் மேலும் தண்ணீரைப் புகை போல மெல்லத் தெளித்துப் பாருங்கள். கசிவு இருந்தால் நீல நிறத்தில் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும். பார்த்தால் போதும், கையை அருகில் கொண்டுபோக வேண்டாம். பெட்ரோல் ஒழுகவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, திறந்த வெளியில் செய்யுங்கள்.

பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் வைத்துக் கிக் அடித்துப் பார்க்கும் சோதனையை நீங்கள் செய்திருக்கலாம். பொறி வருகிறது, ஆகவே மின்சாரம் சரி என்று மெக்கானிக் சொல்லியிருக்கலாம். வெளிக்காற்றில் பொறி எளிதாகத் தாவும். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் அதே இடைவெளியைத் தாண்ட அதைவிடப் பல மடங்கு மின்னழுத்தம் வேண்டும். எனவே வெளியில் பொறி வராவிட்டால் குறை உறுதி. வந்தால் மட்டும் எதுவும் உறுதியில்லை. சோதிக்கும்போது பிளக்கின் உலோக உடல் இன்ஜினைத் தொட்டபடி இருக்கட்டும், திறந்த பிளக் துளையிலிருந்து தள்ளி இருக்கட்டும்; அதன் வழியே வெளிவரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும்.

இத்தனை மாற்றியும் குறை அதே பக்கம் நின்றால்தான் கார்புரேட்டரின் முறை வருகிறது. அப்போதும் புதியது வாங்க வேண்டியதில்லை. அடியிலுள்ள கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்தி, பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனி அடுக்காகத் தெரியும். மழையில் வெளியே நிற்கும் வண்டிகளில் டேங்க் மூடியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். இப்போது நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அளவு மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். ஐடிலிங்கில் மட்டும் நொண்டி, வேகமெடுத்ததும் சரியாகிறது என்றால் பைலட் ஜெட் (ஐடிலிங்கில் பெட்ரோல் தரும் சிறு துளை) அடைப்பையும், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயின் வெடிப்பையும் பாருங்கள். சூடேறிய பிறகு மட்டும் வந்தால் காயிலையும் டப்பட் இடைவெளியையும் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள சிறு இடைவெளி) பார்க்க வேண்டும். இடைவெளி மிகக் குறைந்திருந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது.

சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மழை நின்றால் சரியாகும் குறைக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஒன்று மட்டும் முன்பே கேட்டுவிடுகிறேன். உங்கள் வண்டி வெள்ளத்தில் நின்றதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் எத்தனையோ வண்டிகள் மூழ்கிக் கிடந்தன. அப்படி நின்றிருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாமல், ஸ்டார்ட்டும் செய்யாமல், முதலில் ஆயில் நிறத்தைப் பாருங்கள். பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது.

நொண்டும் வண்டியைப் பல நாள் ஓட்டவும் வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பி.எஸ்.6 வண்டிகளின் சைலன்சர் பாதையில் வினையூக்கிப் பாகம் ஒன்று இருக்கிறது. எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்தால் அது சூட்டில் பாழாகும், விலையும் மிக அதிகம்.

காயில் போனது உறுதியானால், புதுப்பேட்டையில் பழையது தேடலாம். நானும் அங்கே பல பொருள்கள் வாங்கியிருக்கிறேன். மல்டிமீட்டரை எடுத்துப் போங்கள். வீட்டிலேயே நல்ல பக்கக் காயிலின் ஓம் அளவை, உள்சுற்றுக்கும் வெளிச்சுற்றுக்கும் தனித்தனியாக, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவு வராத காயிலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பிளக் மட்டும் பழையது வேண்டாம். அதை மாட்டும்போது முதலில் கையாலேயே திருகுங்கள்; அலுமினிய மரை ஒருமுறை போய்விட்டால் பிளக் தொப்பியைவிடப் பெரிய செலவு.

நாளைக் காலை, வண்டி குளிர்ந்திருக்கும்போது, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் வழிந்தது, பிளக்கை இடம் மாற்றியபின் குறை நகர்ந்ததா என்ற இரண்டையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நான் தொடர்ந்து பார்க்கிறேன்.