பூச்சி விட்டுப் புதரை ஒழிக்கலாமா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி (திருச்சுழி): அந்தக் காலத்தில் சப்பாத்திக்கள்ளிக் காட்டையே பூச்சி விட்டு அழித்ததாகத் தாத்தா சொல்வார். உண்மையா ஐயா?

பதில்: உண்மைதான். சாயத்தில் தொடங்கிய கதை இது. கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று 1795-இல் பிரேசிலிலிருந்து அதைத் தருவித்தார்கள். வந்து சேர்ந்ததோ அதன் பங்காளிப் பூச்சி, சாயம் மட்டம். ஆனால் வட இந்தியாவில் ஒரு கள்ளி வகையைக் காயவைத்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் 1836-38 வாக்கில் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். களையை அழிக்கவென்றே ஒரு பூச்சியைக் கொண்டுபோய் விட்டதில் உலகத்துக்கே இது முன்னோடி.

தாத்தா சொன்னது அநேகமாக அடுத்த கட்டம். நம் பக்கம் மண்டியிருந்தது மஞ்சள் பூவும் கருஞ்சிவப்புப் பழமும் கொண்ட வகை. முதலில் வந்த பூச்சியால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. 1926-இல் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல் வகை வந்தது. சில வருடங்களில் கள்ளிக்காடுகள் சரிந்தன. இன்றும் வேலியோரக் கள்ளி மட்டையில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக இருந்தால் நகத்தால் நசுக்கிப் பாருங்கள், விரல் குங்குமமாகிவிடும். பஞ்சுக்குள் இருப்பது பெண் பூச்சி. அதற்கு இறக்கை கிடையாது. வாயைக் குத்திய இடத்திலேயே ஆயுசு முழுக்க உட்கார்ந்திருக்கும். குஞ்சுகளைக் காற்று கொண்டுபோகும்.

இரண்டு கள்ளியும் நம் கண்ணுக்கு ஒன்று மாதிரிதான். பூச்சிக்கு அப்படியில்லை. இந்தத் துறைக்கு அரிச்சுவடியே அதுதான்.

கேள்வி (சாயல்குடி): சீமைக் கருவேலத்துக்கு அப்படி ஒரு பூச்சி இல்லையா?

பதில்: தென்னாப்பிரிக்காவில் 1987 முதல் விதையை மட்டும் தின்னும் வண்டுகளை விட்டார்கள். அங்கும் காய் ஆட்டுக்குத் தீவனம், மரம் நிழல். அதனால் மரத்தைக் கொல்லாமல் பரவலை மட்டும் குறைக்கப் பார்த்தார்கள். சிக்கல் என்னவென்றால், வண்டு முட்டையிடுவதற்குள் ஆடு காயைத் தின்று விதையைப் புழுக்கையில் போட்டுவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் இலையைச் சுருட்டித் தின்னும் ஒரு அந்துப்பூச்சியை விட்டார்கள். அதை இங்கே கொண்டுவரலாமே என்றால், சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம் நம் வன்னி மரம். வன்னியில் வைத்துச் சோதிக்காமல் எதையும் விடக் கூடாது. விட்ட பூச்சியைத் திரும்பக் கூப்பிட முடியாது.

கேள்வி (கமுதி): கருவேலத்துக்குப் பூச்சி எங்கே கிடைக்கும்?

பதில்: மேலே சாயல்குடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): சீகை மரத்தை நோய் பரப்பி ஒழிக்க முடியுமா?

பதில்: சீகைக்காய்க் கொடி இல்லை, மலையில் நட்ட ஆஸ்திரேலிய வேல மரத்தைத்தானே கேட்கிறீர்கள்? அதன் உறவு மரம் ஒன்றில் நடந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் போர்ட் ஜாக்சன் வில்லோ என்ற ஆஸ்திரேலிய வேல மரத்துக்கு 1987-இல் துருநோய்ப் பூஞ்சை ஒன்றை விட்டார்கள். கிளையெல்லாம் கரணை கரணையாக வீங்கி, காப்பிப்பொடி நிறத்தில் தூள் உதிரும். மரம் வருடத்துக்கு வருடம் இளைத்துச் சாகும். நல்ல பலன். ஆனால் அந்தப் பூஞ்சை அந்த மரத்துக்கானது. உங்கள் ஊர்ச் சீகைக்கு அங்கே பூவையும் விதையையும் தாக்கும் பூச்சிகளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பட்டையை நம்பித் தோல் பதனிடும் தொழில் இருந்ததே காரணம்.

கேள்வி (பல்லடம்): பார்த்தீனியத்துக்கு விட்ட வண்டு சூரியகாந்தியைத் தின்றதே. அதற்கு யார் பொறுப்பு?

பதில்: பார்த்தீனியம் புதர் இல்லை, என்றாலும் கேட்க வேண்டிய கேள்வி. மெக்சிகோ வண்டு அது. வெளிர் முதுகில் கரும்பழுப்புக் கோடுகள் ஓடும். 1984-இல் பெங்களூரில் விட்டார்கள். அப்புறம் சூரியகாந்தி வயலில் அதைக் கண்டதும் பெரிய சர்ச்சையாகி, அரசு குழு வைத்தது. பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலையில் படிந்த இடத்தில்தான் வண்டு கடித்தது என்று தெரிந்தது. சூரியகாந்தியை மட்டும் நம்பி அதன் கூட்டம் நிலைப்பதில்லை.

கேள்வி (அதே பல்லடத்துக்காரர்): மகரந்தமோ என்னவோ, ஓட்டை விழுந்தது என் இலையில். ஆய்வு முடிவு எனக்கு நஷ்டஈடு தருமா?

பதில்: தராது. உங்கள் கோபம் நியாயம். ஓட்டை விழவில்லை என்று நான் சொல்லவில்லை. பயிரை அழிக்கும் பூச்சியாக அது மாறவில்லை என்கிறேன். இரண்டும் வேறு. ஆனால் உங்களைப் போன்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு விட்டிருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வரப்பிலிருக்கும் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னே பிடுங்குங்கள். மகரந்தம் இல்லையென்றால் வண்டுக்கு உங்கள் இலையில் வேலை இல்லை.

கேள்வி (உடுமலை): அந்த வண்டை டப்பாவில் பிடித்துவந்து எங்கள் தோட்டத்தில் விடலாமா? இப்போது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

பதில்: கோடையில் தேடினால் கிடைக்காது, மண்ணுக்குள் உறங்கும். மழை விழுந்ததும் தானே மேலே வரும். இது ஏற்கெனவே நாடெங்கும் பரவிய வண்டு. ஆனாலும் பக்கத்தில் சூரியகாந்தி போட்டவர் இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வெளிநாட்டுப் பூச்சி எதையும் அனுமதியில்லாமல் கொண்டுவரவே கூடாது. விட்டதைத் திரும்பக் கூப்பிட முடியாது.

கேள்வி (அவிநாசி): முருங்கையில் கம்பளிப்பூச்சி. என்ன அடிக்கலாம்?

பதில்: வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (கூடலூர்): உண்ணிச்செடிக்கு இத்தனை வருடமாக ஏன் ஒன்றும் பலிக்கவில்லை?

பதில்: ஹவாயில் 1902-இலேயே தொடங்கினார்கள். இங்கே 1921-இல் காயைத் தாக்கும் ஈ, 1941-இல் இலைச் சாறு உறிஞ்சும் பூச்சி என்று வந்தன. இரண்டாவது தேக்குப் பூவையும் தொடுகிறது என்று தெரிந்து அழிக்கச் சொன்னார்கள்; அதற்குள் வெளியே பரவிவிட்டது. உண்ணி பல வகை கலந்த செடி. ஒரு வகையை விரும்பும் பூச்சி இன்னொன்றைச் சீண்டாது. இலை கொட்டினாலும் மழைக்குத் துளிர்த்துவிடும். இப்போதைக்கு உங்களுக்குக் கடப்பாரைதான்: தூரை மண்ணுக்குக் கீழே இரண்டு விரல் ஆழத்தில் வெட்டி, தலைகீழாகப் போட்டுக் காயவிடுங்கள். மண் தொட்டால் மறுபடி வேர் பிடிக்கும்.