பழைய காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: பிரிக்கச் சொல்கிறார்கள், பிரிக்கலாமா?

பழைய பெர்ஃபார்மன்ஸ் கார் வைத்திருப்பவர்களின் கேள்விகள் கொஞ்ச நாளாகவே சேர்ந்துகொண்டிருந்தன. எல்லாமே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பற்றியவை என்பதால் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என்னிடம் 1970 மாடல் வி8 கார் இருக்கிறது. கியர்பாக்ஸ் டர்போ ஹைட்ராமேட்டிக் 350. இப்போதெல்லாம் கியர் தாமதமாக மாறுகிறது, மாறும்போது உதைக்கிறது. கியர்பாக்ஸ் ஆயிலும் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. "பெட்டி போச்சு, முழுசாப் பிரிச்சு ரீபில்ட் பண்ணணும்" என்கிறார் மெக்கானிக். சரி என்று சொல்லிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். தரையில் கசியாத ஆயில் வேறெங்கோ போய்த்தானே ஆகவேண்டும்? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதை உங்கள் இன்ஜின் குடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

இந்தப் பெட்டியின் பின்பகுதியில் ஓரமாக வேக்குவம் மாடுலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா இருக்கும். இன்ஜின் எவ்வளவு சுமை இழுக்கிறது என்று பெட்டிக்குச் சேதி சொல்வது அதன் வேலை. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. அதன் ஒரு பக்கம் கியர்பாக்ஸ், மறுபக்கம் இன்ஜின் மேனிஃபோல்டிலிருந்து வரும் வேக்குவம் குழாய். சவ்வு கிழிந்துவிட்டால் குழாய் வழியாக இன்ஜின் ஆயிலை உறிஞ்சும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். வேக்குவமும் ஒழுங்காகக் கிடைக்காது. அப்போது நீங்கள் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்திருப்பதாகவே பெட்டி நினைத்துக்கொண்டு பிரஷரை ஏற்றிவிடும். தாமதமும் உதையும் அதனால்தான்.

சோதிப்பது சுலபம். மாடுலேட்டரில் செருகியிருக்கும் குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஆயில் ஈரம் இருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது என்று அர்த்தம். மாடுலேட்டரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட். புதிதாக ஒன்று போட்டு ஆயிலை நிரப்பினால் வேலை முடிந்தது. குழாயே விரிசல் விட்டிருந்தாலும் கியர் இப்படித்தான் மாறும், ஆனால் ஆயில் குறையாது. அதையும் மேனிஃபோல்டுவரை தடவிப் பார்த்துவிடுங்கள்.

குழாய் உலர்ந்து இருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள் (இன்ஜின் ஆறிய பிறகு!). பல கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது ஓட்டையானால் ஆயிலும் கூலன்ட்டும் கலந்து, ஸ்ட்ராபெரி மில்க்ஷேக் மாதிரி ஒரு குழம்பு தெரியும். அப்படித் தெரிந்தால் மெக்கானிக் சொன்னதுதான் சரி. கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பரப்பு தண்ணீரும் கூலன்ட்டில் இருக்கும் கிளைகாலும் பட்டால் ஊறி உரிந்துவிடும். பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டும், ரேடியேட்டரையும் மாற்றத்தான் வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தாரா, என்ன இருந்தது? மெல்லிய சாம்பல் நிறப் படிவு வயதின் தேய்மானம், அதற்குப் பயப்படவேண்டாம். பித்தளை நிறத் துணுக்கோ, கருகிய வாடையோடு கறுப்புச் செதில்களோ இருந்தால் உள்ளே சேதம். அடுத்தது, கேஜ் மாட்டி ஆயில் பிரஷர் அளந்தாரா, எந்த கியரில் எவ்வளவு வந்தது? இதற்கு எண்ணோடு பதில் சொல்பவரிடம் பெட்டியைக் கொடுக்கலாம். "ஓட்டிப் பார்த்தாலே தெரியும் சார்" என்பவரிடம் இன்னும் ஒரு வாரம் யோசித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: காரைப் பத்து நாள் எடுக்காமல் நிறுத்தினால், அடுத்த முறை டிரைவில் போட்டதும் சில வினாடிகள் நகருவதே இல்லை. அப்புறம் நாள் முழுக்க நன்றாக ஓடுகிறது. பெட்டி டார்க்ஃபிளைட் 727. ரீபில்ட் நேரம் வந்துவிட்டதா?

பதில்: இல்லை. கார் சும்மா நிற்கும்போது டார்க் கன்வெர்ட்டரில் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் உருளை) இருக்கும் ஆயில் மெல்ல அடித்தட்டுக்கு வடிந்துவிடுகிறது. பம்ப் அதைத் திரும்ப நிரப்பும்வரை வண்டி நகராது. உங்கள் பெட்டியில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. எழுபதுகளின் நடுப்பகுதிவரை வந்த டார்க்ஃபிளைட்கள் பார்க்கில் இருக்கும்போது கன்வெர்ட்டருக்கு ஆயிலே அனுப்பாது. பார்க்கில் போட்டு எவ்வளவு நேரம் இன்ஜினைச் சூடாக்கினாலும் பயனில்லை. ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு நியூட்ரலில் அரை நிமிடம் ஓடவிட்டு, பிறகு டிரைவில் போட்டுப் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு பார்ப்பதும் நியூட்ரலில்தான், இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது.

ஒரே ஒரு இரவு நிறுத்தினாலே இப்படி ஆகி, சூடான பிறகு சரியாகிறது என்றால் கதை வேறு. ரப்பர் சீல்கள் வயதாகி இறுகியிருக்கலாம். அதற்குப் பெட்டியைத் திறக்கவேண்டி வரும்.

கேள்வி: என் காரில் இருப்பது அசல் பெட்டி. அதையே ரீபில்ட் செய்யவேண்டும் என்றால் மாதக் கணக்கில் ஆகும் என்கிறார்கள். பழையதைக் கொடுத்துவிட்டால் தயாராக இருக்கும் ரீபில்ட் பெட்டியை உடனே வாங்கிக்கொள்ளலாமாம். எது நல்லது?

பதில்: பெட்டியின் உறையில் எண் அடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறுபதுகளின் கடைசியிலிருந்து பல கார்களில் சேசிஸ் எண்ணின் ஒரு பகுதியைக் கியர்பாக்ஸிலும் அடித்திருப்பார்கள். அது உங்கள் காரின் எண்ணோடு பொருந்தினால் அந்தப் பெட்டியைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். நாளை காரை விற்கும்போது வாங்க வருபவர் படுத்துக்கொண்டு பார்ப்பதே அந்த எண்ணைத்தான். மாற்றுப் பெட்டி வாங்குவதாக இருந்தாலும், பழையதைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் டெபாசிட் தொகையை விட்டுவிட்டு, அசலைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிடுங்கள். எண் பொருந்தாத சாதாரணப் பெட்டி என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

எந்த வழியில் போனாலும், "ரீபில்ட்" என்ற வார்த்தைக்குப் பட்டறைக்குப் பட்டறை அர்த்தம் மாறும். சிலருக்கு அது கேஸ்கட், சீல், கிளட்ச் பிளேட் மட்டும். சிலர் புஷ், த்ரஸ்ட் வாஷர், பேண்ட், ஒருவழி கிளட்ச் எல்லாவற்றையும் அளந்து பார்த்து மாற்றுவார்கள். இரண்டுக்கும் பில்லில் ஒரே பெயர்தான் இருக்கும்! அதனால் எதை மாற்றுவார்கள், எதை அளந்து பார்த்து விட்டுவிடுவார்கள் என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்கள் உங்களுக்கு வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒன்றும் செய்யப்போவதில்லை, ஆனால் அப்படிச் சொல்லிவைத்தாலே வேலை ஒழுங்காக நடக்கும்.

விலைச் சீட்டில் பெரும்பாலும் விடுபடுவது டார்க் கன்வெர்ட்டர். அது பற்றவைத்து மூடிய உருளை. கெட்டுப்போன பெட்டியின் தூளெல்லாம் அதற்குள் போய்த் தங்கியிருக்கும். வெளியிலிருந்து கழுவினால் வராது. லேத்தில் அறுத்துத் திறந்து சுத்தம் செய்து, மறுபடி பற்றவைத்து பேலன்ஸ் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் வேறொன்று வாங்கவேண்டும். கூலரும் அதன் குழாய்களும் அப்படித்தான். புதுப் பெட்டியைப் பழைய கன்வெர்ட்டரோடும் கழுவாத கூலரோடும் மாட்டினால், முதல் நாளே பழைய தூளைப் புதுப் பெட்டிக்கு ஊட்டிவிடுகிறீர்கள்.

மாட்டும்போதும் ஒரு ஆபத்து இருக்கிறது, என் சொந்தக் காசில் கற்றுக்கொண்டது. கன்வெர்ட்டர் பம்புக்குள் முழுக்க இறங்கி உட்காருவதற்கு முன்பே பெட்டியை இன்ஜினோடு சேர்த்து போல்ட்டை இறுக்கினேன். இடைவெளி மூடாமல் அடம்பிடித்தது, நானும் அடம்பிடித்தேன். பம்ப் உடைந்தது. பெட்டியும் இன்ஜினும் கையாலேயே முழுக்கச் சேரவேண்டும். சேர்ந்த பிறகும், ஃபிளெக்ஸ்பிளேட்டில் (இன்ஜின் பக்கம் கன்வெர்ட்டரைப் பிடிக்கும் தட்டு) மாட்டுவதற்கு முன் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்றவேண்டும். சுற்றவில்லை என்றால் பெட்டியைத் திரும்ப இறக்குங்கள்.

கேள்வி: மூன்று கியர் பெட்டிக்குப் பதிலாக 700ஆர்4 என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி போட்டால் நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறாமல் ஓடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மைதானா?

பதில்: உண்மைதான், ஆனால் பின் அச்சின் விகிதத்தை (சக்கரம் ஒருமுறை சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) தெரிந்துகொள்ளாமல் வாங்காதீர்கள். 700ஆர்4-இன் நான்காவது கியர் 0.70. இப்போது 3000 ஆர்பிஎம்மில் ஓடும் வேகத்தில் இன்ஜின் 2100-இல் ஓடும். முதல் கியர் 3.06, டர்போ ஹைட்ராமேட்டிக் 350-இல் அது 2.52. கிளம்பும் இழுவையும் நன்றாகக் கூடும். உங்கள் அச்சு 3.73 அல்லது 4.10 என்றால் அருமையான பொருத்தம். 4.10-ஐ 0.70 ஆல் பெருக்கினால் 2.87 வருகிறது, நிம்மதியான பயணம். ஆனால் அச்சு ஏற்கெனவே 2.73 என்றால் ஓவர்டிரைவில், அதாவது அந்த நான்காவது கியரில், அது 1.91 ஆகிவிடும். அதிக ஆர்பிஎம்மில் சக்தி தரும் பெர்ஃபார்மன்ஸ் கேம்ஷாஃப்ட் போட்ட இன்ஜின் அவ்வளவு குறைந்த ஆர்பிஎம்மில் முனகும். அந்தக் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் விலை மட்டும் செலவு அல்ல. பெட்டியைத் தாங்கும் கிராஸ்மெம்பரை நகர்த்தவேண்டி வரலாம், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தை மாற்றவேண்டி வரலாம், லாக்கப் கன்வெர்ட்டருக்கு (வழுக்கல் இல்லாமல் இன்ஜினோடு பூட்டிக்கொள்ளும் வகை) ஒயரிங் வேண்டும், ஸ்பீடோமீட்டர் பல்சக்கரத்தையும் பார்க்கவேண்டும். இதையெல்லாம் எழுதிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இவற்றில் நான் யாரிடமும் விட்டுக்கொடுக்காத ஒன்று டிவி கேபிள், அதாவது த்ராட்டில் வால்வ் கேபிள். கார்புரேட்டரோடு இணையும் அந்தக் கேபிள்தான் இந்தப் பெட்டியில் பிரஷரைத் தீர்மானிக்கிறது. அதை வெறும் கிக்டவுன் கேபிள் (ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் கியரைக் குறைக்க மட்டும் உதவுவது) என்று நினைத்துத் தளர்வாக மாட்டிவிடுகிறார்கள். பிரஷர் போதாமல் கிளட்ச் வழுக்கும், கொஞ்ச தூரத்திலேயே மூன்றாவது, நான்காவது கியர்களுக்கான கிளட்ச் கருகிவிடும். பழைய கார்புரேட்டரில் கேபிளைச் சரியான கோணத்தில் இழுக்கத் தனி பிராக்கெட் தேவைப்படும். பெட்டி வாங்கும்போதே உங்கள் கார்புரேட்டருக்கான பிராக்கெட்டையும் கேட்டு வாங்குங்கள். கேபிள் சரியாகும்வரை காரைத் தெருமுனைவரைகூட ஓட்டாதீர்கள்.

கேள்வி: ரீபில்ட் செய்து வாங்கிய பெட்டி மூன்றே மாதத்தில் வழுக்க ஆரம்பித்துவிட்டது. மாட்டியது வேறு மெக்கானிக். விற்றவர் "கூலரைக் கழுவாமல் மாட்டியிருக்கிறார்கள், வாரண்டி கிடையாது" என்கிறார். என்ன செய்வது?

பதில்: வாரண்டிச் சீட்டில் அந்த நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கூலரைக் கழுவியதற்கு மெக்கானிக்கின் பில்லில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வரிதான் இப்போது உங்களுக்குத் துணை. அது இருந்தால் விற்றவரிடமே உரிமையோடு கேட்கலாம். இல்லாவிட்டால் மாட்டியவரிடம்தான் பேசவேண்டும். சீட்டில் அப்படி நிபந்தனையே இல்லையென்றால், பெட்டி கெட்டபிறகு வாய்வார்த்தையாகச் சேர்த்துக்கொண்ட நிபந்தனையை நீங்கள் ஏற்கவேண்டியதில்லை. எழுத்தில் பதில் கேளுங்கள்.

எப்படியிருந்தாலும், நீங்கள் இல்லாத நேரத்தில் பெட்டியைப் பிரிக்க விடாதீர்கள். முன்னால் நின்று ஒவ்வொரு பாகமாகப் படம் எடுங்கள். ஃபில்டரும் வால்வுகளும் பழைய தூளால் அடைத்திருந்தால் விற்றவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவை சுத்தமாக இருந்து ஒரே ஒரு கிளட்ச் கட்டு மட்டும் கருகியிருந்தால், சீல் கிழிந்ததா, இடைவெளி தப்பாக வைத்ததா, கேபிள் தளர்ந்ததா என்று பேச்சு போகும். அந்தப் பேச்சில் உங்கள் கையில் படங்கள் இருக்கட்டும்.

கேள்வி: பழைய ஆட்டோமேட்டிக்கில் ஆயில் மாற்றினால் பெட்டி செத்துவிடும் என்கிறார்களே?

பதில்: ஏற்கெனவே வழுக்கும் பெட்டிக்குத்தான் பெரும்பாலும் கடைசி முயற்சியாக ஆயில் மாற்றுகிறார்கள். அது செத்ததும் பழி ஆயில்மேல் விழுகிறது. நன்றாக ஓடும் பெட்டிக்கு ஃபில்டரோடு தாராளமாக மாற்றுங்கள். எந்த ஆயில் என்பதை மட்டும் காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோர்டின் பழைய பெட்டிகள் பலவற்றுக்கு டைப் எஃப். ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டிகளுக்கு டெக்ஸ்ரான். இரண்டும் சிவப்புதான், ஆனால் உராய்வுக் குணம் வேறு.