இசைக்கருவி கேள்வி பதில்: டிஸ்டோர்ஷன் பெடல் எதை வாங்குவது?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் வசிக்கும் பல்கலைக்கழக மாணவன் நான். ஹம்பக்கர் பிக்கப் உள்ள மின்கிற்றாரும் 15 வாற்று திரான்சிஸ்டர் அம்பிளிபயரும் வைத்திருக்கிறேன். நண்பர்களுடன் தெஹிவளையில் மாதத்துக்கு ஓரிரு தடவை ஒத்திகை பார்ப்போம். பெரும்பாலும் ராக் பாடல்கள்தான். ஒரேயொரு பெடலுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது. ஒரு நண்பர் பொஸ் டி.எஸ்.-1 என்கிறார், இன்னொருவர் ஐபனெஸ் டியூப் ஸ்கிறீமர் என்கிறார், மூன்றாமவர் மெற்றல் சோனுக்கு மிஞ்சியது எதுவுமில்லை என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: மூவரும் பெடலின் பெயரைச் சொல்லியிருக்கிறார்களே தவிர, அதை எந்த அம்பிளிபயரில் கொளுவப்போகிறீர்கள் என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. உங்கள் தெரிவைத் தீர்மானிக்க வேண்டியது முதலில் அதுதான்.

காலால் அழுத்தி இயக்கும் சிறு பெட்டியான டிஸ்டோர்ஷன் பெடல் பொதுவாக, கிற்றாரிலிருந்து வரும் சிறிய சமிக்ஞையைப் பலமடங்கு பெருக்கி, அந்த அலையின் முகட்டையும் அடியையும் டயோட் எனப்படும் இருவாயிகளைக் கொண்டு வெட்டிவிடுகிறது. சிலிக்கன் இருவாயி ஏறத்தாழ 0.6 வோல்ற்றிலும் ஜேர்மேனியம் இருவாயி 0.3 வோல்ற்றை அண்டியும் கடத்தத் தொடங்குவதால், அந்த அளவுக்கு மேலே எழும் அலை தட்டையாகிவிடும். நாம் கேட்கும் கரகரப்பு அதிலிருந்தே பிறக்கிறது. டியூப் ஸ்கிறீமரில் இருவாயிகள் பெருக்கிச் சுற்றின் பின்னூட்டப் பாதைக்குள் இருப்பதனால் வெட்டு மென்மையாக விழுகிறது. டி.எஸ்.-1 இல் அவை பெருக்கிக்குப் பின்னால் நின்று சமிக்ஞையை நிலத்துக்கு இழுப்பதனால் வெட்டு கூர்மையாக விழுகிறது.

1970களின் இறுதியில் வந்த டியூப் ஸ்கிறீமர், பேஸ் எனப்படும் அடி ஒலியைக் குறைத்து மிட் எனப்படும் நடு ஒலியை உயர்த்தி, ஏற்கெனவே கொதிநிலையில் இருக்கும் வால்வு (வெற்றிடக் குழாய்) அம்பிளிபயர் ஒன்றை மேலும் தள்ளிவிடும்போதுதான் தன் முழு அழகையும் காட்டும். ஸ்டீவி ரே வோன் போன்ற கிற்றார் கலைஞர்கள் அதைப் பெருஞ்சத்தத்தில் ஓடும் வால்வு அம்பிளிபயர்களுக்கு முன்னால் வைத்தே வாசித்தார்கள். உங்களுடைய 15 வாற்று திரான்சிஸ்டர் பெட்டியின் கிளீன் சனலில் (கரகரப்புச் சேர்க்காத வழியில்) கொளுவினால் மெலிந்த, மூக்கால் பாடுவது போன்ற ஒலிதான் கிடைக்கும். அது பெடலின் குற்றமல்ல.

டி.எஸ்.-1 உங்கள் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமானது. 1978 ஆம் ஆண்டு முதல் விற்பனையில் உள்ள அந்தச் செம்மஞ்சள் பெட்டிக்கு வேண்டிய அளவு கரகரப்பை அம்பிளிபயரின் உதவியின்றியே தரமுடியும். ஆனால் அதன் டோன் குமிழை நடுவைத் தாண்டித் திருப்பினால் சிறிய ஸ்பீக்கரில் காதைக் கீறும் கூச்சல் எழும். ஆகவே குமிழின் கோடு மணிக்கூட்டு முள்ளைப் போல ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் நிற்கட்டும். அம்பிளிபயரில் ட்ரெபிள் எனப்படும் உச்ச ஒலியையும் சற்றுக் குறைத்துவிடுங்கள். நிர்வாணா குழுவின் கேர்ட் கோபேன் இதே பெடலைப் பயன்படுத்தினார் என்று உங்கள் நண்பர் சொல்லியிருக்கக்கூடும். அது உண்மைதான், ஆனால் அவருக்குப் பின்னால் நின்ற அம்பிளிபயர்கள் உங்களுடையதைப் போன்றவை அல்ல.

மெற்றல் சோன் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் அதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். 1991 இல் வெளிவந்த இந்தப் பெடலில் கரகரப்புக்குக் குறைவே இல்லை. அதன் மிட் குமிழ் இரண்டு அடுக்காக இருக்கிறது. ஓர் அடுக்கினால் 200 ஹேர்ட்ஸ் முதல் 5 கிலோஹேர்ட்ஸ் வரை எந்த மீடிறனை வேண்டுமானாலும் தெரிந்தெடுத்து, மற்ற அடுக்கினால் அதை 15 டெசிபெல் வரை கூட்டவோ குறைக்கவோ முடியும். வீட்டில், அயலவருக்குப் பயந்து மெல்லிய சத்தத்தில் வாசிக்கும்போது, நமது காதுக்கு பேஸும் ட்ரெபிளும் குறைவாகவே கேட்கும். எனவே அவை இரண்டையும் உயர்த்தி மிட்டை அடியோடு குறைத்துவிட்டு, தனியறையில் கேட்கும் அந்தப் பிரமாண்டமான ஒலியில் மயங்கிப்போகிறோம். அதே அமைப்போடு தெஹிவளை ஒத்திகைக்குப் போய்ப் பாருங்கள்: பேஸ் கிற்றாரும் பேஸ் டிரம்மும் உங்கள் அடி ஒலியை மூடிவிடும், சிம்பல்கள் உச்ச ஒலியை விழுங்கிவிடும், கிற்றாருக்கென்று மிஞ்சியிருந்த நடுப்பகுதியையோ நீங்களே வெட்டி எறிந்திருப்பீர்கள். உடனே சத்தத்தைக் கூட்டுவீர்கள், மற்றவர்களும் கூட்டுவார்கள், கடைசியில் பாடுபவரின் தொண்டைதான் போகும். மெற்றல் சோனைப் பழிப்பவர்களில் பலர் அதன் மிட் குமிழை ஒருமுறையாவது மேல்நோக்கித் திருப்பிப் பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே. அதைப் பொறுமையாகக் கையாளத் தெரிந்தவருக்கு அது நல்ல பெடல். முதல் பெடலாக நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

என்னைக் கேட்டால், நண்பர்கள் மூவரும் சொல்லாத புரோகோ ராட் பெடலையே முதலில் தேடிப்பாருங்கள் என்பேன். குறைந்த அளவில் லேசான கரகரப்பாகவும் (ஓவர்டிரைவ்), கூட்டக் கூட்ட ஃபஸ் போன்ற முரட்டு ஒலியாகவும் மாறக்கூடியது அது. கிற்றாரின் வொலியூம் குமிழைக் குறைத்தால் கரகரப்பும் இறங்கிவிடுவதால், ஒரேயொரு பெடல் வாங்குபவருக்கு அது இரண்டு பெடலின் வேலையைச் செய்யும். அதன் ஃபில்டர் குமிழ் மற்றவற்றுக்கு எதிர்மாறானது: வலப்பக்கம் திருப்பத் திருப்ப ட்ரெபிள் குறையும். இதை அறியாமல் கடையிலேயே அதை வேண்டாம் என்று வைத்துவிட்டு வருபவர்கள் உண்டு. ராட் கிடைக்காவிட்டாலோ விலை கட்டுப்படியாகாவிட்டாலோ டி.எஸ்.-1 ஐத் தயங்காமல் வாங்குங்கள்.

2022 இல் ரூபாவின் பெறுமதி விழுந்ததிலிருந்து புதிய பெடல்களின் விலை மாணவர்களுக்கு எட்டாததாகிவிட்டதால், பாவித்த பெடலையே நீங்கள் நாடக்கூடும். அதில் பிழையில்லை. உங்கள் சொந்தக் கிற்றாரைக் கொண்டுபோய், கடைக்காரரின் பெரிய வால்வு அம்பிளிபயரில் அல்லாமல் உங்களுடையதைப் போன்ற சிறிய பெட்டியொன்றில், ஒத்திகைச் சத்தத்தில் வாசித்துப் பாருங்கள். குமிழ்களைத் திருப்பும்போது சரசரக்கிறதா, ஜாக் துளைக்குள் துரு பிடித்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். கடற்காற்றுப் படும் வீடுகளிலிருந்து வரும் பெடல்களில் இவை சாதாரணம். மிகப் பழைய பொஸ் பெடல்களின் அடப்டர் துளையருகே ஏ.சி.ஏ. (பொஸ்ஸின் பழைய வகை அடப்டரின் பெயர்) என்று எழுதியிருந்தால், இன்றைய 9 வோல்ற்று அடப்டரை அந்த ஒரு பெடலுக்கு மட்டும் கொளுவும்போது விளக்கு மங்கலாகவே எரியும், ஒலியும் சோர்ந்திருக்கும். அது பழுதென்று பயப்பட வேண்டாம். பற்றரியில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கிறேன். அம்பிளிபயர் இல்லை, பெடலிலிருந்து நேராக மிக்ஸருக்குப் போகிறது. டிஸ்டோர்ஷனை அழுத்தியதும் சில்வண்டு கத்துவதுபோல் கேட்கிறது. வேறு பெடல் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். கிற்றார் அம்பிளிபயரின் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியைப் பெரும்பாலும் வெளிவிடாது. டிஸ்டோர்ஷன் பெடல்கள் அந்த வடிகட்டலை நம்பியே வடிவமைக்கப்பட்டவை. தேவாலயத்தின் ஒலிபெருக்கிகளோ பாடுபவரின் குரலுக்காக அமைந்தவை. உச்ச ஒலி முழுவதையும் அப்படியே கொட்டிவிடும். பெடலுக்குப் பின்னால், மிக்ஸருக்கு முன்னால், கிற்றார் ஸ்பீக்கரின் வடிகட்டலைப் போலச் செய்யும் கெபினற் சிமுலேற்றர் ஒன்றை வைத்தால் சில்வண்டு அடங்கிவிடும். அதற்கும் வசதியில்லையென்றால் சிறிய அம்பிளிபயர் ஒன்றை இரவல் வாங்கி, பாடுவதற்குப் பயன்படும் சாதாரண டைனமிக் மைக்கை அதன் ஸ்பீக்கருக்கு அருகே வையுங்கள்.

கேள்வி: வீட்டில் இன்டர்நெற் ரவுட்டரின் அடப்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. பெடலின் துளைக்குள் சரியாகப் போகிறது. பாவிக்கலாமா? (மட்டக்குளி வாசகி)

பதில்: துளை பொருந்துவதை நம்பாதீர்கள். ரவுட்டர் அடப்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ற்று, முனையின் நடுப்பகுதி நேர். டிஸ்டோர்ஷன் பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ற்று, நடுப்பகுதி மறை. மாறிக் கொளுவினால் பெடல் எரிந்துபோகவும் கூடும். பெடலின் மீதும் அடப்டரின் மீதும் சிறு வட்டங்களாக வரையப்பட்டிருக்கும் குறியீடுகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சாதாரண டிஸ்டோர்ஷன் பெடலுக்குச் சில மில்லியம்பியர் மின்னோட்டமே போதும் என்பதால், வீட்டில் பழகுவதற்கு 9 வோல்ற்றுப் பற்றரியே தாராளம். ஆனால் கிற்றார் வயரை இன்புட் துளையில் செருகியதுமே பெரும்பாலான பெடல்களில் பற்றரி இணைந்துவிடும்; விளக்கு அணைந்திருந்தாலும் அது இறங்கிக்கொண்டேயிருக்கும். வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள்.