லவ்கிராஃப்ட் தியோசபியை நம்பினாரா? – பதில்

நம்பவில்லை. அமெரிக்கத் திகில் கதை எழுத்தாளரான லவ்கிராஃப்ட் கடைசிவரை நாத்திகர், பொருள்முதல்வாதி. தியோசபி என்ற மறைஞானக் கொள்கையைப் பரப்பிய பிரம்மஞான சபையாரின் கருத்துகளைக் கதைக்கு மூலப்பொருளாக மட்டுமே எடுத்துக்கொண்டார். அதனால் உங்கள் கட்டுரையில் "அவர் ஒரு தியோசபிஸ்ட்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். "தியோசபியைப் பயன்படுத்தினார்" என்று எழுதினால் சரி.

குழப்பம் அநேகமாக அவருடைய 'தி கால் ஆஃப் கதுலு' (1928) கதையிலிருந்து வந்திருக்கும். கதைசொல்லி தொடக்கத்திலேயே தியோசபிஸ்டுகளைக் குறிப்பிட்டு, பிரபஞ்சத்தின் பிரம்மாண்டத்தை அவர்கள் ஊகித்திருக்கிறார்கள் என்கிறான். அது அவன் குரல், ஆசிரியரின் நம்பிக்கை அல்ல.

சரிபார்க்க ஒரு வழி: முதல் பகுதியில், இறந்துபோன பேராசிரியரின் காகிதக் கட்டைப் பிரிக்கும் இடத்தைத் திரும்பப் படியுங்கள். துண்டுக் குறிப்புகள், பத்திரிகை நறுக்குகள், அவற்றுக்கு நடுவே ஸ்காட்-எலியட்டின் அட்லாண்டிஸ், லெமூரியா நூலிலிருந்து மேற்கோள்கள். அந்த நூல் அச்சில் வந்த நிஜமான தியோசபி நூல். அதே கதையில் வரும் நெக்ரோனமிகான் என்ற மந்திர நூலோ முழுக்கக் கற்பனை. இரண்டையும் ஒரே தொனியில் சொல்லி நம்மை நம்பவைக்கிறார்! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. லெமூரியா என்ற சொல்லைப் பார்த்ததுமே மறைஞானத்தின் தாக்கம் என்று முடிவுகட்ட வேண்டாம். மடகாஸ்கரையும் இந்தியாவையும் இணைத்த நிலமாக 1864இல் அதற்குப் பெயர் வைத்தவர் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர். பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி 1888இல்தான் அதை 'தி சீக்ரெட் டாக்ட்ரின்' நூலில் ஆதி மனித இனத்தின் தாயகமாக்கினார். குமரிக்கண்டத்தோடு நாம் சேர்த்துப் பேசுவதும் இதே பெயரைத்தான், எனவே எந்த லெமூரியா என்று கட்டுரையில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.