கீலுக்கு எண்ணெய் விடலாமா?

கேள்வி: எண்ணூரில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறோம். கிரைண்டிங் வேலைக்குப் போடும் ஃபேஸ் ஷீல்டின் கீல் அடிக்கடி இறுகிப்போகிறது. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் இரண்டு நாள் நன்றாக ஓடும். அப்புறம் முன்னைவிட மோசம். கடையில், "இது செல்ஃப் லூப்ரிகேட்டிங் பிளாஸ்டிக், எண்ணெயே வேண்டாம்" என்கிறார்கள். எண்ணெய் இல்லாமல் எப்படி வழுக்கும்?

பதில்: கடைக்காரர் சொல்வது சரி. எண்ணெயை இன்றே நிறுத்துங்கள்.

இந்த வகைக் கீல்களில் உள்ள வாஷர் பெரும்பாலும் அசிட்டால் பிளாஸ்டிக். அதில் 15 முதல் 20 சதவீதம் வரை டெஃப்லான் (நான்ஸ்டிக் தவாவில் பூசும் வழுக்கும் பொருள்) தூள் கலந்து வார்ப்பது வழக்கம். ஷீல்டை ஏற்றி இறக்கும்போது அந்தத் தூள் துளித்துளியாகத் தேய்ந்து, எதிர்ப்பக்கத்தில் மெல்லிய படலமாகப் படிகிறது. அதன்பிறகு டெஃப்லான்மேல் டெஃப்லான்தான் உரசும். புது ஷீல்டு முதல் நாள் சற்று முரண்டு பிடிப்பது, படலம் இன்னும் படியாததால்.

எண்ணெய் விட்டால் படலம் சரியாக ஒட்டாது. அதைவிடப் பெரிய கெடுதல், கிரைண்டிங் வீலிலிருந்து பறக்கும் தூசி. கல் துகளும் இரும்புத் தூளும் எண்ணெயில் குழைந்து எமரி பேஸ்ட் ஆகிவிடும். நீங்கள் சொல்லும் 'இரண்டு நாள்', அந்தப் பேஸ்ட் சேர ஆகும் நேரம். அது வாஷரை அறுத்துத் தள்ளும்.

ஆனால் உங்கள் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிளாஸ்டிக்கை அல்ல, நடுவில் போகும் போல்ட்டை. உப்புக்காற்றில் சாதாரண இரும்பு போல்ட் துருப்பிடித்து, துரு வாஷருக்குள் இறங்கும். கழற்றிப் பாருங்கள். காவி நிறம் தெரிந்தால் அதே அளவில், உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட்டும், உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டும் போடுங்கள். நட்டு கழலாமல் இருக்க த்ரெட்லாக்கர் திரவம் மட்டும் வேண்டாம். அது ஷீல்டின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் விரிசல் விழ வைக்கும்.

கழுவ, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். பழைய டூத் பிரஷ்ஷால் கீலை மட்டும் தேயுங்கள். கண்ணாடிப் பகுதியில் பிரஷ் படக்கூடாது, கீறும். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் கிட்டவே வரக்கூடாது. நல்ல நீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். தூக்கிய இடத்தில் ஷீல்டு தானாக நிற்கும் வரை முடுக்கினால் போதும். அதற்கு மேல் முடுக்கினால் பிளாஸ்டிக் மெதுவாக நசுங்கி, சில நாளில் மறுபடி தளரும். பிறகு எண்ணெய் இல்லாமலே முப்பது தடவை ஏற்றி இறக்குங்கள்.

கடைசியாக, போல்ட் துளையைச் சுற்றி வெளிச்சத்தில் பாருங்கள். இத்தனை நாள் எண்ணெய் ஊறிய இடம் அது. இறுக்கமும் அங்கேதான் அதிகம். சிலந்தி நூல் போல மெல்லிய விரிசல் ஒன்று இருந்தாலும் அந்த ஷீல்டு வேண்டாம். உடைந்த வீல் துண்டு முகத்தை நோக்கி வரும்போது அது தாங்காது.

கேள்வி: காசிமேட்டில் படகுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். ரப்பர் மாஸ்க்கின் மூச்சு விடும் வால்வு ஒட்டிக்கொள்கிறது. சிலிக்கான் ஸ்பிரே அடிக்கலாமா?

பதில்: கூடாது. வால்வுத் தகடு சிலிக்கான் ரப்பராக இருந்தால் சிலிக்கான் எண்ணெயில் ஊறி உப்பும். மட்டமாக உட்காராமல் பெயின்ட் ஆவியை உள்ளே விடும். அந்த ஸ்பிரே படகின்மேல் பட்டால் பெயின்டிலும் 'ஃபிஷ் ஐ' எனப்படும், மீன் கண் போன்ற குழிகள் விழும். தகட்டைக் கழற்றி மேலே சொன்ன சோப்பு நீரில் கழுவுங்கள். மாட்டியதும் இரண்டு கார்ட்ரிட்ஜையும் (காற்றை வடிகட்டும் டப்பா) உள்ளங்கையால் மூடி, மெல்ல மூச்சை இழுத்து 10 விநாடி நிறுத்துங்கள். மாஸ்க் உள்வாங்கி அப்படியே நின்றால் சரி. தளர்ந்தால் முதலில் வார்களைச் சரிசெய்து மறுபடி பாருங்கள். அப்படியும் தளர்ந்தால் தகட்டை மாற்றுங்கள்.

கேள்வி: ஷீல்டு கீலுக்கு வண்ணாரப்பேட்டையில் உதிரியாக வாங்கும் வெள்ளை வாஷர் மழைக்காலத்தில் இறுகுகிறது. அசிட்டால் என்று சொல்லி நைலானைக் கொடுக்கிறார்களா?

பதில்: இருக்கலாம். நைலான் 6 தண்ணீரில் ஊறினால் தன் எடையில் 9 சதவீதம் வரை குடிக்கும், பருக்கும். அசிட்டால் 1 சதவீதம்கூடக் குடிக்காது. வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். ஒரு லிட்டர் நீரில் 350 கிராம் உப்பை முழுக்கக் கரைத்து வாஷரைப் போடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியைத் தட்டிவிடுங்கள். நைலான் மிதக்கும், அசிட்டால் மூழ்கும். கண்ணாடி இழை கலந்த நைலானும் மூழ்கும் என்பதால் சொரசொரப்பான வாஷருக்கு இந்தச் சோதனை உதவாது.

மணலிப் பக்கம் அமிலம் கையாளும் வேலைக்கானால் அசிட்டாலும் வேண்டாம். கடும் அமிலமும் ப்ளீச்சிங் பவுடர் கரைசலும் அதை அரித்துவிடும். அங்கே முழு டெஃப்லான் வாஷர் கேளுங்கள். தேய்ந்த வாஷர்களைக் குப்பையோடு கொளுத்தாதீர்கள். அசிட்டால் எரிந்தால் கண்ணைக் கரிக்கும் ஃபார்மால்டிஹைடு வரும். டெஃப்லான் புகையை இழுத்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். டெஃப்லான் தூள் பட்ட கையோடு பீடி பிடித்தாலும் இதேதான்.