ஸ்காபரோவிலிருந்து எட்மன்டனுக்கு: வீடுகட்டும் தொழிலை மாற்றலாமா?

தம்பி, ஊரிலிருந்து வந்த சில ஆண்டுகளில் ஒன்ராறியோவில் ஸ்காபரோ, ஏஜாக்ஸ் பக்கம் பழைய வீடுகளை இடித்துப் புதிது கட்டி விற்கும் தொழிலில் இறங்கிவிட்டதாகவும், இப்போது அங்கே விற்பனை படுத்துவிட்டதால் கம்பனியையும் வேலையாட்களையும் அப்படியே அல்பேர்ட்டாவிலுள்ள எட்மன்டனுக்குக் கொண்டுவரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கொண்டுவரலாம். ஆனால் அதற்குமுன் பழைய கணக்குகளை எடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் உங்களுக்குக் கிடைத்த லாபத்தில் காணி விலை ஏறியதால் வந்தது எவ்வளவு, கட்டிய வேலையால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்.

ரொறன்ரோவில் விலை ஏறிய காலத்தில், வேலை அரை வருடம் இழுபட்டாலும் அந்த நட்டத்தைக் காணியே ஈடுசெய்தது. எட்மன்டனில் அந்தத் தயவை எதிர்பார்க்க முடியாது. சுற்றிலும் சமநிலம், நகரின் ஓரங்களில் புதிய குடியிருப்புகள் திறந்துகொண்டே இருக்கும், பெரிய கம்பனிகள் மொத்தமாகக் கட்டிய வீடுகளோடுதான் உங்கள் வீடும் சந்தையில் நிற்கும். ஆகவே இங்கே சம்பாதிப்பது கட்டும் வேலையில்தான்: பலகை வீணாவதும், தச்சர்கள் ஒருநாள் சும்மா நிற்பதும், வங்கி வட்டி ஒரு மாதம் கூடுதலாக ஓடுவதும் நேரே உங்கள் பையைக் கடிக்கும். மாகாண விற்பனை வரி இல்லை, காணி கைமாறும் வரி இல்லை என்று பலரும் சொல்லி ஆசை காட்டுவார்கள். உண்மைதான், உங்களோடு போட்டி போடுபவருக்கும் அவை இல்லை.

சிறு கட்டுநருக்கு இடமிருப்பது பழைய அயல்களில் என்பது என் கருத்து. 2024 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த மாநகரின் புதிய வலய விதி, முன்பு ஒரே வீடு நின்ற காணியில் 8 குடியிருப்புகள் வரை கட்ட வழிவிட்டது. கார் நிறுத்துமிடம் இத்தனை வேண்டும் என்ற கட்டாயத்தை மாநகரம் 2020இலேயே எடுத்துவிட்டது. நான்கு வீடுகளும் அவற்றின் கீழே நான்கு நிலவறைக் குடியிருப்புகளுமாகக் கட்டி வாடகைக்கு விடும் முதலீட்டாளர்களுக்கு, 5 அலகுகளும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கான மத்திய அரசின் ‘எம்.எல்.ஐ. செலக்ட்’ என்ற கடன் காப்பீட்டின் கீழ், நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால் செலவில் 95 சதவீதம் வரை கடனும் 50 ஆண்டுகள் வரை தவணையும் கிடைக்கக்கூடும். அப்படியானால் உங்கள் வாடிக்கையாளர் இனிச் சமையலறைக் கல்லின் நிறத்தைப் பார்க்கும் குடும்பமல்ல, வாடகைக் கணக்கைப் பார்க்கும் முதலீட்டாளர். இந்த 8 என்ற எண்ணிக்கைக்கு அயலவரின் எதிர்ப்பும் மாநகரசபை வாதமும் ஓயவில்லை என்பதால் வாங்கும் நாளில் உள்ள விதியைப் பாருங்கள். காணிப் பதிவையும் வழக்கறிஞரைக் கொண்டு ஆராயுங்கள். க்ளெனோரா போன்ற இடங்களில் நூறாண்டுக்கு முன் பதிந்த ‘ஒரு வீடு மட்டுமே’ என்ற கட்டுப்பாடு இன்னும் காணியோடு ஒட்டியிருக்கிறது.

மண் அடுத்த விஷயம். எட்மன்டனின் பெரும்பகுதி, பனியாற்றுக் காலத்து ஏரியொன்றின் அடியில் படிந்த களிமண்ணின்மேல் நிற்கிறது; ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சல்பேட்டு உப்பும் இந்த மண்ணில் அதிகம், அது சாதாரண சீமெந்தை அரித்துவிடும். ஆதலால் மண் பரிசோதனையைச் செலவென்று தவிர்க்காதீர்கள். கொங்கிறீட் லொறிச் சாரதி நீட்டும் துண்டில் சல்பேட்டைத் தாங்கும் சீமெந்துக்குரிய ‘எச்.எஸ்.’ என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்த பின்பே ஊற்றவிடுங்கள். ஊற்றிய அத்திவாரத்தைச் சூடேற்றாமல் திறந்தபடி பனிக்காலத்துக்கு விட்டால் அடிமண் உறைந்து எழும்பி அதைத் தூக்கிவிடும். பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக் குளிரில் கூடாரமடித்து வாயு அடுப்பு எரிக்கும் செலவு, ஒன்ராறியோவில் நீங்கள் போட்டுப் பழகிய கணக்கில் எந்த வரியிலும் இருக்காது.

பத்திர வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் ஒன்ராறியோ உரிமம் இங்கே செல்லாது. அல்பேர்ட்டாவின் கட்டுநர் உரிமம் இல்லாமல் கட்டட அனுமதி கிடைக்காது. புதிய வீட்டின் குறைகளுக்கு, குறையின் வகையைப் பொறுத்து அங்கே 1, 2, 7 ஆண்டுகளாக இருந்த உத்தரவாதம் இங்கே 1, 2, 5, 10 ஆண்டுகள்; அதை வழங்குவது ஒன்ராறியோவின் டேரியன் போன்ற ஒரே அமைப்பு அல்ல, காப்புறுதி நிறுவனங்கள். புதிதாக வருபவரிடம் அவர்கள் நிதிக் கணக்கையும் சொந்தப் பிணையையும் கேட்பார்கள். பழைய கம்பனியை இழுத்துவராமல் இங்கே புதிய கம்பனி தொடங்குவதே நல்லதென்பேன். அதனால் பழைய பொறுப்பு கழன்றுவிடாது: ஸ்காபரோவில் கடைசியாக விற்ற வீட்டின் பெருங்குறைகளுக்கு 7 ஆண்டுகள் முடியும்வரை நீங்களே பதில் சொல்ல வேண்டியவர், எனவே அங்கே போய்ப் பார்க்க நம்பகமான ஒருவரையும் அதற்கென ஒதுக்கிய பணத்தையும் விட்டுவிட்டு வாருங்கள்.

உங்கள் செங்கல் மேசன்மாரைக் கூட்டிவர வேண்டாம். இங்கே வீடுகளின் வெளிப்புறம் பெரும்பாலும் வினைல் பலகை அல்லது சீமெந்து நார்ப் பலகை. அவர்களுக்கு வேலை தொடர்ந்து இராது. சட்டகம் அடிக்கும் தச்சர்கள் வர விரும்பினால் வரட்டும். குழாய், மின்சாரம், அத்திவாரம் மூன்றுக்கும் உள்ளூர் ஆட்களைப் பிடியுங்கள். அவர்கள் பெரிய கம்பனிகளை விட்டு உங்களிடம் வருவதற்கு ஒரே வழி, பணத்தை நாள் தவறாமல் கொடுப்பது. கட்டுநர் அனுப்பும் கட்டணப் பட்டியல் கிடைத்த 28 நாட்களில் உரிமையாளர் பணம் செலுத்த வேண்டுமென்ற சட்டம் 2022 முதல் இங்கே இருக்கிறது. ஆனால் நீங்களே கட்டி விற்கும்போது அந்த உரிமையாளரும் நீங்கள்தான், ஆகவே கையிருப்பை முதலில் சரிசெய்யுங்கள். முதற் கட்டடத்தை இங்குள்ள கட்டுநர் ஒருவரோடு பங்காகச் செய்ய உடன்பட்டால், இந்தக் குளிர்காலத்துக்குள் காணியும் வரைபடமும் அனுமதியும் முடித்து, மண் இளகும் மே மாதத்தில் குழி வெட்டலாம்.