படம் எடுத்த தேதியைப் பார்க்க 2,500 ரூபாயா?

கேள்வி: எங்கள் நிலத்து வேலியைப் பக்கத்து நிலக்காரர் பிடுங்கிப் போட்டதை அண்ணன் மகன் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் ஒரு சென்டரில் 'மெட்டாடேட்டா சர்டிஃபிகேட்' (படத்துக்குள் பதிந்திருக்கும் நேரம், இடம் பற்றிய சான்று) தர 2,500 ரூபாய் கேட்கிறார்கள். நாமே பார்க்க முடியாதா? - வாசகர், குடியாத்தம்

பதில்: தாராளமாகப் பார்க்கலாம், செலவே இல்லை. ஆனால் உங்கள் கையில் உள்ள படத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போதே எடுத்த நேரம், இடம் எல்லாவற்றையும் உருவிவிடும். அதிலிருந்து சென்டர்காரர் காட்டும் தேதி, கோப்பு அவர் கம்ப்யூட்டரில் வந்து விழுந்த தேதிதான். போலீஸ் ஸ்டேஷன்களிலும் 'வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்க' என்கிறார்கள், அப்புறம் அசல் எங்கே என்கிறார்கள்!

பையன் போனிலுள்ள அசலை யுஎஸ்பி ஒயரில் இறக்குங்கள். வெளியூரில் இருக்கிறானா? வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம், 'டாக்குமென்ட்' வழியாக மட்டும். 'கேலரி' வழி கூடாது, 'ஹெச்டி' என்று அழுத்தினாலும் அசல் வராது. போனில் 4 எம்பி காட்டும் படம் உங்களிடமும் அதே 4 எம்பியாக வர வேண்டும். சில நூறு கேபியாக வந்தால் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள்.

படத்துக்குள் இருக்கும் இந்த விவரங்களைக் காட்டும் மென்பொருள், ஃபில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல், இலவசம். விண்டோஸில் ஜிப்பைப் பிரித்து, கோப்புப் பெயரில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'கழித்தல் கே'யை அடைப்புக்குறியோடு நீக்குங்கள். கூட வரும் ஃபோல்டரை அதைவிட்டு வேறிடத்துக்கு மாற்றாதீர்கள், ஓடாது. படத்தின் நகலை அங்கேயே போட்டு, இடைவெளி இல்லாத சின்ன ஆங்கிலப் பெயர் வையுங்கள். அந்த ஃபோல்டர் ஜன்னலின் மேலே உள்ள அட்ரஸ் பாரில் சி, எம், டி என்று தட்டி என்டர் அடித்தால் கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் எக்ஸிஃப்டூல், இடைவெளி, கழித்தல் குறியோடு சின்ன ஏ, இடைவெளி, கழித்தல் குறியோடு பெரிய ஜியும் 1-ம், இடைவெளி, படத்தின் பெயர். எல்லாம் ஆங்கில எழுத்தில்.

'சிஸ்டம்' என்று தொடங்கும் வரிகள் உங்கள் கம்ப்யூட்டரின் கணக்கு, விட்டுவிடுங்கள். 'டேட்/டைம் ஒரிஜினல்' என்ற வரிதான் போன் எழுதியது. 2025:03:14 என்பதுபோலப் புள்ளி புள்ளியாக இருக்கும். ஜிபிஎஸ் நேரம் ஐந்தரை மணி பின்தங்கியிருந்தால் பயப்படாதீர்கள், அது உலகப் பொது நேரம். குடியாத்தம் என்றால் வடக்கு 12, கிழக்கு 78 என்று பாகை தொடங்கும். லொகேஷனை அணைத்து எடுத்திருந்தால் இந்த வரிகளே வராது.

இதே கருவியால் தேதியை மாற்றவும் முடியும். ஆகவே சென்டர்காரர் அச்சடித்துத் தரும் தாள் கோர்ட்டுக்கான சான்றிதழ் ஆகாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவில் அதற்கென்று படிவமே உண்டு: 'ஏ' பகுதி உங்கள் தரப்பு, 'பி' பகுதி நிபுணர். அதில் கேட்கும் ஹாஷ் எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி) விண்டோஸில் உள்ள செர்ட்யூட்டில் கட்டளையே, கடைசியில் SHA256 என்று சேர்த்தால், 64 எழுத்தாகக் கொடுத்துவிடும். படிவத்தை வக்கீலிடம் கேளுங்கள், போனை மட்டும் ரீசெட் செய்யவோ எக்ஸ்சேஞ்சில் தள்ளவோ விடாதீர்கள்.